சேர்க்கையும் சேர்தலும்



கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்று ஒரு மாணவன் வீட்டுக்கு வந்து சொல்லும் நாள், அவன் குடும்பத்துக்கே திருநாள். பணம் கட்டுவதும், சான்றிதழ்களைக் காட்டுவதும், பெயர் பதிவதும் ஒரு முற்பகலில் முடிந்துவிடும். இதற்குச் சேர்க்கை என்று பெயர். ஆனால், 'இது என் கல்லூரி. இங்கே நானும் ஒருவன்' என்ற எண்ணம் அவன் நெஞ்சில் வேரூன்றுவதற்குப் பல மாதங்கள் ஆகலாம். சிலருக்கு அது தோன்றாமலே படிப்பு முடிந்துவிடுவதும் உண்டு. இதனை நான் சேர்தல் என்பேன். சேர்க்கைக்கும் சேர்தலுக்கும் இடையே உள்ள தொலைவைப் பற்றி, நம் தருமபுரி மண்ணை நடுவாக வைத்துச் சில வரலாற்றுச் செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

தருமபுரியின் பழம்பெயர் தகடூர் என்பதையும், அதியமான் நெடுமான் அஞ்சியின் அவையில் அவ்வையார் வீற்றிருந்தார் என்பதையும் நீங்கள் படித்திருப்பீர்கள். அந்த அவ்வையாரே ஒருமுறை அவ்வரண்மனை வாயிலில் காத்திருக்க நேர்ந்தது. பரிசில் தருவதற்கு மன்னன் காலம் தாழ்த்தியபோது, வாயிற்காவலனை விளித்து அவர் பாடிய பாடல் புறநானூற்றில் உள்ளது. கற்றவருக்கு எத்திசையிலும் வாழ்வு உண்டு என்ற பெருமிதம் அப்பாட்டில் ஒலிக்கிறது. புலமை முற்றிய அவ்வைக்கு அந்தப் பெருமிதம் இருந்தது. முதன்முறையாகக் கல்லூரி வாயிலில் நிற்கும் பதினேழு வயது இளைஞனிடம் அதனை எதிர்பார்க்க முடியுமா? அவன் கற்றவன் அல்லன், கற்க வந்தவன். அவனுக்கு வாயில் தானாகத் திறக்க வேண்டும்.

1792ஆம் ஆண்டில் பாரமகால் பகுதி திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அலெக்சாண்டர் ரீடின் துணைவராக வந்த தாமஸ் மன்றோ, தருமபுரியில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். பின்னாளில் சென்னை மாகாண ஆளுநரான அவர், 1822இல் மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி, 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். அவற்றுள் மிகப் பல திண்ணைப் பள்ளிகள். குறைகள் பல இருந்தாலும், அங்கே படித்த சிறுவன் தன் தெருவிலேயே இருந்தான். ஆசிரியரை அவன் தந்தை அறிவார். மாலையில் அவன் உண்பது தாய் சமைத்த சோறு. அத்திண்ணையில் ஏற இடம்பெற்றவனுக்குத் தனிமை என்ற துன்பம் இல்லை. ஆனால், அத்திண்ணை எல்லாச் சாதியாருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் மறத்தலாகாது.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின், உயர்கல்வி என்பது ஊரை விட்டுப் போவதாயிற்று. ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜி, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிக்கும், பின்னர்ச் சட்டம் பயிலச் சென்னைக்கும் செல்ல வேண்டியிருந்தது. அவருடைய பிறந்த ஊர் அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1965 முதல் தருமபுரி மாவட்டத்தில் அடங்கி, 2004 முதல் கிருட்டிணகிரி மாவட்டத்தில் உள்ளது. வெளியூர் போகும் மாணவனுக்கு வகுப்பறையைவிடப் பெரிய கேள்விகள் இரண்டு: எங்கே தங்குவது? யாரோடு உண்பது?

இக்கேள்விகள் எவ்வளவு கூர்மையானவை என்பதற்கு வரலாறு சான்று தருகிறது. வ. வே. சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில், பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது. 1924, 1925 ஆண்டுகளில் இதனால் எழுந்த கிளர்ச்சி தமிழ்நாட்டு அரசியலையே மாற்றியது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். தேச விடுதலைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் இடத்தில் இரு பந்திகள் இருக்கலாமா என்பதே வழக்கு. பாடம் ஒன்றுதான், ஆசிரியரும் ஒருவரே. ஆயினும், பந்தி பிரிந்தபோது பள்ளியும் பிரிந்தது.

அம்பேத்கரின் வாழ்வு இன்னும் கசப்பான சான்று. 1913இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவர், அங்கே மற்ற மாணவரோடு சமமாகப் பழகினார். 1917இல் பரோடாவுக்குப் பணியேற்க வந்தபோது, அவ்வளவு படித்தவருக்கு அந்நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தங்கியிருந்த அவரை, அவர் பிறப்பை அறிந்தவர்கள் தடியோடு வந்து வெளியேற்றினர். தாம் நிறுவிய சபையின் சார்பில் 1925இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி ஒன்றைத் திறந்தார். தங்கும் இடம் இல்லாதவனுக்குக் கல்வி எட்டாது என்பதை அவர் தம் உடம்பாலேயே அறிந்திருந்தார்.

மேலை நாட்டிலும் இத்துன்பம் உண்டு. 1914இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்குச் சென்ற இராமானுஜன், மரக்கறி உணவின் பொருட்டுத் தம் அறையிலேயே சமைத்து உண்டார். கல்லூரியின் பொதுக்கூடத்தில் எல்லாரும் கூடி உண்டபோது அவர் இல்லை. கணிதத்தில் அவரை வியக்காதவர் இல்லை. ஆனால், உடன் அமர்ந்து உண்பவர் இல்லை. நோயும் போர்க்கால நெருக்கடியும் சேர்ந்துகொண்டன. அறிவால் ஏற்கப்படுவது வேறு, வாழ்வால் ஏற்கப்படுவது வேறு என்பதை இது காட்டுகிறது.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். 1965 அக்டோபர் 2ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமாயிற்று. தருமபுரி அரசு கலைக் கல்லூரி தோன்றியதும் அதே ஆண்டில்தான். அதுவரை சேலத்துக்கோ சென்னைக்கோ பிள்ளையை அனுப்ப வசதியற்றிருந்த உழவர் வீடுகளுக்கு அது பெரும்பேறு. அந்நாளில் பள்ளியிறுதி முடித்தவர்கள் முதலில் ஓராண்டுப் புகுமுக வகுப்பில் சேர்வார்கள். பள்ளியில் தமிழில் படித்த இயற்பியலும் வரலாறும் கல்லூரியில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வந்தன. ஒரே ஆண்டில் மொழி மாறி, நட்பு மாறி, அந்த ஆண்டு முடிவதற்குள் தேர்வும் வந்துவிடும். 1978இல் மேல்நிலைக் கல்வி பள்ளிகளில் தொடங்கியதும் புகுமுக வகுப்பு மறைந்தது.

தூரம் இன்னொரு தடை. பென்னாகரத்திலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் அரூரிலிருந்தும் பேருந்தில் வருகிற மாணவன், வகுப்பு முடிந்ததும் பேருந்து நிலையத்துக்கு ஓட வேண்டும். இலக்கிய மன்றமும் விளையாட்டும் மாலையில் நடந்தால் அவனுக்கு அவை இல்லை. கல்லூரியில் முதல் வாரத்தில் யார் யாரோடு அமர்கிறார்கள் என்று பார்த்தால், பேருந்துத் தடங்களின் வரிசை தெரியும். இப்போது பென்னாகரம், அரூர், காரிமங்கலம், பாப்பிரெட்டிப்பட்டி ஆகிய ஊர்களிலும் அரசு கல்லூரிகள் உள்ளன. தொலைவு குறைந்தது, அது நல்ல மாற்றம்.

காந்தியடிகள் நூற்றாண்டான 1969இல், 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம், இவ்வகையில் ஒரு வழி காட்டியது. முகாமில் சாலை செப்பனிடுபவனும் சோறு வடிப்பவனும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ண வேண்டும். சொற்பொழிவுகள் செய்ய முடியாததைச் சில நாள் முகாம் செய்யும்.

1975இல் வின்சென்ட் டின்டோ என்ற அமெரிக்க அறிஞர், மாணவர் படிப்பை இடையில் விடுவதைப் பற்றி ஒரு கோட்பாடு வகுத்தார். மதிப்பெண் குறைவு மட்டும் காரணமன்று. கல்லூரியின் பாட வாழ்விலும் நட்பு வாழ்விலும் ஒட்டாமல் போவதும் காரணம் என்றார். பேராசிரியர் ஒருவர் பெயர் சொல்லி அழைப்பதும், தோழன் ஒருவன் குறிப்பேடு தருவதும் சிறு செயல்கள் அல்ல என்று இதனால் அறிகிறோம்.

நம் மாவட்டத்தில் இது ஏன் உயிர்ப் பிரச்சினை? 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காட்டை எட்டியபோது, தருமபுரியில் அது 68.5 விழுக்காடாய், மாநிலத்திலேயே கடைசியாக இருந்தது. எனவே இங்கே பல மாணவர், குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆகப் போகிறவர். கல்லூரி எப்படி இருக்கும் என்று வீட்டில் சொல்ல ஆள் இல்லை. மேலும், 2012 நவம்பரில், ஒரு கலப்புத் திருமணத்தை அடுத்து, நாயக்கன்கொட்டாய் அருகே மூன்று தாழ்த்தப்பட்டோர் குடியிருப்புகள் தீக்கிரையாயின. அத்தகைய ஊர்களின் பிள்ளைகள் மறுநாள் ஒரே வகுப்பில் அமர வேண்டும். 2024இல் அறிக்கை தந்த நீதியரசர் சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் அணியலாகாது என்று பரிந்துரைத்ததன் காரணம் இங்கே விளங்கும். மணிக்கட்டில் கட்டிய கயிறு, வகுப்பறையில் எழுப்பிய சுவர்.

2021-22ஆம் ஆண்டுக் கணக்கில், உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்தியாவில் 28.4 ஆகவும் தமிழ்நாட்டில் 47 ஆகவும் இருந்தது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் மாதம் 1000 ரூபாய் வழங்கும் திட்டமும் வந்தது. இவையெல்லாம் சேர்க்கையைப் பெருக்கும். சேர்தலை அரசாணையால் உண்டாக்க முடியாது. அது உங்கள் கையில் இருக்கிறது.

ஆகையால், நண்பர்களே, நாளை உணவு வேளையில் தனியே சோற்றுப் பொட்டலத்தை அவிழ்க்கும் ஒருவரைக் கண்டால், அருகில் சென்று அமருங்கள். சித்தேரி மலையிலிருந்து வந்தவரானாலும், நகரத்தில் பிறந்தவரானாலும், ஊர்ப்பெயரைக் கேளுங்கள், சாதியைக் கேளாதீர்கள். ஆங்கிலம் தடுமாறுகிறவரைக் கண்டு நகையாதீர்கள். உங்களுக்குத் துணை வேண்டுமானால், கேட்க வெட்கப்படாதீர்கள். சேரன்மாதேவியில் பிரிந்த பந்தி, உங்கள் கல்லூரியில் ஒன்றாகட்டும்.