பம்பாய்க் கப்பலுக்குக் கட்டிய மூட்டை

என்னிடம் இருப்பது ஒரேயொரு தாள். இரண்டாக மடித்து வைத்திருந்ததில் மடிப்பு இற்றுப்போய் இப்போது இரண்டு துண்டாகவே ஆகிவிட்டது. இருபுறமும் அரபுத்தமிழ் எழுத்து. தலைப்பில் ஹிஜ்ரி 1355, ஷவ்வால் மாதம் என்றிருக்கிறது. ஆங்கிலக் கணக்கில் 1936 டிசம்பரின் பின்பாதி அல்லது 1937 ஜனவரியின் முற்பகுதி. எருக்கலம்பிட்டியிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட என் பூட்டனார், அதாவது உம்மம்மாவின் வாப்பா, கப்பலுக்குக் கொண்டுபோகும் சாமான்களை எழுதிவைத்த பட்டியல் அது.

எனக்கு அரபு எழுத்து ஓதத் தெரியும். அரபுத்தமிழ் வாசிக்க வராது. என் தலைமுறையில் பலருக்கும் இதே கதைதான். புத்தளத்தில் வயதான மௌலவி ஒருவர் இரண்டு மாலைப் பொழுதுகள் ஒதுக்கி வாசித்துத் தந்தார். புள்ளிகள் அழிந்த இடங்களில் அவரும் தடுமாறினார். மிச்சத்தைச் சிறுவயதில் உம்மம்மாவிடம் கேட்டவற்றைக் கொண்டு நிரப்பிக்கொண்டேன். வாப்பா மூட்டை கட்டியபோது உம்மம்மாவுக்கு ஒன்பது வயது.

ஹஜ் பயண வரலாறு நிறைய எழுதப்பட்டிருக்கிறது. கொலரா, கப்பல் கம்பனிகள், துருக்கியரும் பிரித்தானியரும் போட்ட சட்டங்கள் என்று எல்லாம் இருக்கின்றன. 1880இல் சிங்கப்பூரிலிருந்து 900க்கும் மேற்பட்ட ஹாஜிகளோடு புறப்பட்ட 'ஜெத்தா' என்ற கப்பலைப் பற்றி இலக்கிய வாசகர்கள் அறிவார்கள். குவாதாபுய் முனைக்கருகே கப்பலில் தண்ணீர் ஏறியதும் கப்டனும் அதிகாரிகளும் பயணிகளை நடுக்கடலில் கைவிட்டுப் படகில் ஓடிப்போனார்கள். கப்பல் மூழ்கிவிட்டது என்று ஏடனில் போய்ச் சொன்னார்கள். ஆனால் ஹாஜிகள் தண்ணீரை இறைத்து உயிரோடிருந்தார்கள். 'அன்டெனோர்' என்ற இன்னொரு கப்பல் அவர்களை ஏடனுக்குக் கட்டி இழுத்து வந்தது. இந்தச் சம்பவத்தை வைத்துத்தான் ஜோசப் கொன்ராட் 'லோர்ட் ஜிம்' நாவலை எழுதினார். ஓடிப்போன வெள்ளை அதிகாரியின் மனச்சாட்சிக்கு ஒரு நாவல் முழுவதும் கிடைத்தது. கைவிடப்பட்டவர்களின் மூட்டைகளில் என்ன இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் நாம்தான்.

எனவே அந்தத் தாளுக்கு வருகிறேன்.

முதற் பக்கத்தில் சாமானே இல்லை. பதினொரு பேரின் பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை. கடன்காரர்கள். பேசாலைக் கரவலைச் சம்மாட்டி ஒருவர், மன்னார்க் கடைத்தெருப் புடவை வியாபாரி ஒருவர், மீதி ஊராட்கள். பதினொன்றும் கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கின்றன. கடைசிக் கோடு மட்டும் வேறு மையில். அந்த ஆள் ஊரில் இல்லாததால் புறப்படுகிற அன்று தலைமன்னார்ப் பாலத்தடியில் வைத்துத்தான் காசைக் கொடுத்தார் என்று உம்மம்மா சொல்வார். அதன்கீழே வீட்டுக்கான ஏற்பாடு: நெல் எட்டு மூடை, தேங்காய், விறகு, பிள்ளைகள் ஓதுகிற லெவ்வைக்கு மாதம் கொடுக்க வேண்டியது. திரும்பி வரும்வரை குடும்பத்தின் சாப்பாட்டுக்கு வழி செய்யாதவனுக்கு ஹஜ் கடமையே இல்லை என்பது பிக்ஹுச் சட்டம். பயணச் சாமான் என்று அவர்கள் முதலில் எண்ணியது இதைத்தான். பெட்டி வாங்கியது அதற்குப் பிறகு.

அந்தப் பக்கத்தில் எழுதப்படாத ஒன்றும் உண்டு. புறப்படுவதற்கு முன் வீடுவீடாகப் போய்ப் பயணம் சொல்ல வேண்டும். "பொறுத்துக் கொள்ளுங்க, ஹலாலாக்கிக் கொள்ளுங்க" என்று கேட்க வேண்டும். சொந்தத் தம்பியோடு காணிச் சண்டையில் நாலு வருசமாகப் பேச்சு இல்லாமல் இருந்தவர், அந்த வீட்டு வாசலில் கால்மணி நேரம் நின்றாராம். தம்பி வெளியே வந்தார். இருவரும் என்ன பேசினார்கள் என்று உம்மம்மாவுக்குத் தெரியாது. ஆனால் மறுநாள் மூட்டைக்குக் கயிறு கட்டியது தம்பிதான்.

மறுபக்கத்தில் இரண்டு தலைப்புகள்: 'பெட்டி', 'கைமூட்டை'. இந்தப் பிரிவினைக்குள்தான் கடற்பயணத்தின் நடைமுறை அனைத்தும் அடங்கியிருக்கிறது. பெரிய பெட்டி கப்பலின் அடித்தட்டுக்குள் போய்விடும். ஜித்தா சேரும்வரை அதைத் திறக்க முடியும் என்று நம்பியிருக்கக் கூடாது. டெக்கில் மனிதனோடு இருப்பது கைமூட்டை மட்டும்தான்.

வழியையும் சொல்லிவிட வேண்டும். கொழும்பிலிருந்து கப்பல் ஏறியவர்களும் உண்டு. மன்னார்ப் பகுதியினருக்கு இந்தியா பக்கம். 1914இல் தொடங்கிய தலைமன்னார் - தனுஷ்கோடிக் கப்பலில் ஏறி, அக்கரையில் போட்மெயிலைப் பிடித்து மதராஸ், அங்கிருந்து பம்பாய். பம்பாயில் ஹாஜிகளுக்கான முஸாபிர்கானாவில் தங்கி, அம்மைப்பால் குத்தி, கொலரா ஊசி போட்டு, பத்திரங்கள் எடுத்து, மொகல் லைன் கம்பனியின் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். போக, வர இரண்டுக்குமான டிக்கட்டை முன்கூட்டியே எடுக்க வேண்டும், அல்லது அந்தப் பணத்தைக் கட்டிவைக்க வேண்டும் என்று 1925இல் சட்டம் வந்திருந்தது. அதற்கு முன்னர் கையில் காசில்லாமல் ஜித்தாவில் அகப்பட்டுக்கொண்ட ஏழை ஹாஜிகள் ஏராளம். பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குக் கடலில் ஏறத்தாழ இரண்டு வாரம்.

பெட்டியில் இருந்தவை: புழுங்கல் அரிசி, வறுத்த அரிசிமா, ஒடியல்மா, பனங்கட்டி, சீலாக் கருவாடு, மாசி, தேங்காயெண்ணெய் இரண்டு போத்தல், அரைத்த மிளகாய்த்தூள், சட்டி, மண்ணெண்ணெய் அடுப்பு. கப்பலில் சமைத்த உணவு தருவது வழக்கத்துக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. அதற்கு முன்னரெல்லாம் டெக் பயணிகள் தாங்களே அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். பூட்டனார் கம்பனிச் சோற்றை நம்பவில்லை போலிருக்கிறது. அல்லது மக்காவிலும் மதீனாவிலும் இருக்கப்போகிற மாதங்களை எண்ணியிருப்பார். மன்னார்த் தீவின் பனையும் கடலும் அந்தப் பெட்டிக்குள் அப்படியே இருக்கின்றன. இவற்றோடு, 'வெறுந்தகரம் இரண்டு, மூடியுடன்' என்றும் எழுதியிருக்கிறது. இவ்வளவு நெருக்கிக் கட்டிய பெட்டியில் வெறும் தகரத்துக்கு எதற்கு இடம் என்று கேட்கக்கூடாது. ஸம்ஸம் தண்ணீர் கொண்டுவர. மக்காவில் நிரப்பி, மூடிக்கு ஈயம் பற்றவைத்துக் கொண்டுவருவார்கள்.

பெட்டிக்கு வெளியே பெயரும் ஊரும் வெள்ளைச் சாயத்தில் தமிழிலும் அரபிலும் எழுதி, தேங்காய்நார்க் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார்கள். ஜித்தாவில் அன்று கப்பல் கரையை அணைய முடியாது. பவளப் பாறைகளுக்கு அப்பால், கடலில் தூரத்தே நங்கூரம் போடும். ஆட்களும் பெட்டிகளும் 'சம்பூக்' என்ற பாய்மரப் படகுகளில் இறங்க வேண்டும். கட்டவிழ்ந்த பெட்டி கடலுக்குத்தான் போகும்.

கைமூட்டைக்கு முதலில் வருவது பாய். இதை உம்மம்மா சிரித்துக்கொண்டே சொல்வார். வாப்பாவின் அகலத்துக்கு அளந்து புதிதாய் இழைத்த பனையோலைப் பாயாம். நான் பின்னாளில் புத்தகங்களைப் பார்த்தபோது, 1926இன் சர்வதேச சுகாதார உடன்படிக்கை ஹஜ் கப்பலில் ஒரு பயணிக்குக் குறைந்தது 1.5 சதுரமீற்றர் இடம் என்று விதித்திருந்தது தெரிந்தது. ஆறடி நீளம் வைத்தால் அகலம் இரண்டே முக்கால் அடி. ஜெனீவாக்காரரும் பாரிஸ்காரரும் கணக்குப் போட்டு எடுத்த முடிவுக்கு எருக்கலம்பிட்டியில் ஒரு பெண் முழம் போட்டே வந்து சேர்ந்திருக்கிறாள். பாய் விரித்த இடம்தான் வீடு. தலைமாட்டில் மூட்டை, கால்மாட்டில் அடுத்தவரின் தலைமாடு.

பிறகு தேசிக்காய் ஊறுகாய், வேர்க்கொம்பு, ஓமம். கடல்மயக்கத்துக்கு. தகரக் கோப்பை, கேத்தல், ஒரு சிறு வாளியும் நீளக் கயிறும். நல்ல தண்ணீர் அளந்துதான் கிடைக்கும். குளிக்கவும் கழுவவும் கடல்நீரை மொள்ள வேண்டும். கம்பளி ஒன்று. ஊசி, நூல், கத்தரிக்கோல். பவுண் காசு தைத்த இடுப்புவார். ஹஜ்ஜின் அமல்கள் எழுதிய அரபுத்தமிழ்க் கிதாபு. தோற் சாமான் எதுவும் இல்லை. இதற்கும் காரணமிருக்கிறது. செங்கடல் வாயிலில் கமரான் தீவு இருந்தது. துருக்கியர் 1882இல் அமைத்து, முதலாம் உலகப் போரில் பிரித்தானியர் கைப்பற்றிய தடுப்புநிலையம். தென்பகுதியிலிருந்து வரும் ஹஜ் கப்பல்களை அங்கே நிறுத்தி, ஆட்களைக் குளிக்கவைத்து, துணிமணிகளைக் கொதிநீராவியில் போட்டு எடுப்பார்கள். நீராவியில் தோல் சுருங்கிப்போகும். முன்னர் போய்வந்த ஹாஜிமார் சொல்லிக் கொடுத்த பாடமாக இருக்க வேண்டும். கமரானைக் கடந்தபின் யலம்லமுக்கு நேரே வரும்போது கப்பல் சங்கு ஊதும். அதற்குள் குளித்து இஹ்ராம் கட்டியிருக்க வேண்டும். ஆகவே 'இஹ்ராம் புடவை இரண்டு' கைமூட்டையில்தான்.

அதற்கு அடுத்த வரி என்னை வெகுநாள் குழப்பியது. 'வெள்ளைப் புடவை எட்டுத் துண்டு.' இஹ்ராமுக்கு இரண்டு தனியே எழுதியாயிற்று. தலைப்பாகைக்கு எட்டு வேண்டியதில்லை. மௌலவிதான் விரலில் எண்ணிச் சொன்னார்: ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு ஐந்து. கபன். ஒன்று தனக்கு, மற்றது ஊரில் விட்டுப்போகிற மனைவிக்கு. இரண்டையும் ஸம்ஸமில் நனைத்துக் காயவைத்துக் கொண்டுவர எண்ணியிருக்கிறார்.

கபன் ஏன் பெட்டிக்குள் இல்லாமல் கைமூட்டையில் இருந்தது என்பது யோசித்தால் விளங்கும். நடுக்கடலில் மௌத்தானால் அடித்தட்டைத் திறந்து பெட்டியைத் தேட முடியாது. குளிப்பாட்டி, கபனிட்டு, டெக்கிலேயே ஜனாஸாத் தொழுது, பாரம் கட்டிக் கடலில் இறக்கிவிடுவார்கள். பல கப்பல்களில் இது நடந்தது. ஊறுகாய்ப் போத்தலுக்கும் கேத்தலுக்கும் பக்கத்தில் தன் மரணத்தையும் கைக்கெட்டும் இடத்தில் மடித்து வைத்துக்கொண்டு போனவர்கள் அவர்கள். இதைத் தியாகம் என்றும் தவக்குல் என்றும் பெரிதாக எழுதுவோர் உண்டு. எனக்கு அது கவனமாக மூட்டை கட்டத் தெரிந்த ஒரு மனிதரின் வேலையாகவே படுகிறது.

பூட்டனார் திரும்பி வந்தார். ஹஜ்ஜுக் காலம் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னோக்கி நகர்வதால் அவருக்கு மாசிமாதத்து ஹஜ் வாய்த்தது. அரபிக்கடல் தென்மேற்குக் காற்றில் கொந்தளிக்கத் தொடங்குமுன் வந்துசேர்ந்துவிட்டார். தகரங்கள் இரண்டும் நிரம்பியிருந்தன. அவருடைய மூன்று துண்டும் 1952இல் அவருக்கே உதவின. பூட்டி கொழும்பில் ஆஸ்பத்திரியில் மௌத்தாகி அங்கேயே அடக்கப்பட்டதால் அவருடைய ஐந்து துண்டும் ஊரிலேயே நின்றுவிட்டன. அவை உம்மம்மாவுக்கு என்று ஆயின. றங்குப்பெட்டிக்குள் அத்தர்ப் பஞ்சோடு மடித்துக் கிடந்ததை நானே கண்டிருக்கிறேன். ஆண்டுக்கொரு தடவை வெயிலில் காயவைப்பார். சிறுவர்களாகிய எங்களைத் தொட விடமாட்டார்.

1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற வேண்டும் என்று உத்தரவு வந்தது. குடும்பத்துக்கு ஐந்து பயணப் பைகள், 2,000 ரூபா, ஒரு பவுண் நகை. கடற்கரையில் காத்திருந்து படகுகளில் ஏறிக் கற்பிட்டிக்குப் போனோம். அதுதான் எங்கள் குடும்பத்தின் இரண்டாவது நீண்ட கடற்பயணம். தூரத்தில் சிறியது. அதற்கு எழுதிய பட்டியல் ஏதும் இல்லை. ஐந்து பைக்குள் உடுப்பும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் கொஞ்சம் அரிசியும் கிதாபுகளும் போயின. பூட்டனாரின் தாள் அந்தக் கிதாபு ஒன்றுக்குள் இருந்ததால் தப்பியது. றங்குப்பெட்டி உள்ளறையில் நின்றது. வெள்ளைப் புடவை நினைவுக்கு வந்தபோது படகு விட்டாயிற்று.

உம்மம்மா 1996இல் புத்தளத்தில் மௌத்தானார். முகாமில் இருந்த ஆறு வருடங்களில் வீட்டைப் பற்றியோ தென்னைகளைப் பற்றியோ அவர் அதிகம் கேட்டதில்லை. ஊருக்கு யாரும் போய்வந்தார்களா, அந்தப் பெட்டி அங்கே நிற்கிறதா என்று மட்டும் கேட்பார். அவருக்குக் கபன் பள்ளிவாசலால் தந்தார்கள். குறையொன்றும் சொல்வதற்கில்லை, நல்ல புடவை.

பம்பாயிலிருந்து ஹாஜிகளை ஏற்றிய கடைசிக் கப்பல் 1995இல் போய்வந்தது. நம் நாட்டவர்கள் அதற்கு வெகுமுன்பே விமானத்துக்கு மாறிவிட்டார்கள். 2014இல் நான் ஹஜ்ஜுக்குப் போனபோது முகவர் அச்சடித்த பட்டியல் ஒன்று தந்தார். இத்தனை கிலோவுக்கு மேல் கூடாது, மருந்துச் சீட்டு, கைப்பேசி மின்னேற்றி, வாசனையில்லாத சவர்க்காரம். பயனுள்ள பட்டியல்தான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. நான் அதில் பெயர்களை எழுதினேன், பதினான்கு வந்தது. இரண்டு பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. 1990க்குப் பிறகு அவர்கள் எங்கே போனார்கள் என்று சொல்ல ஊரில் ஆளில்லை.

மக்காவில் ஐந்து துண்டு வெள்ளைப் புடவை வாங்கி ஸம்ஸமில் நனைத்து, அறையில் கயிறு கட்டிக் காயவைத்தேன். புத்தளத்துக்கு வந்து உம்மாவிடம் கொடுத்தேன். உம்மா அதை முகர்ந்து பார்த்துவிட்டு, இரும்பு அலுமாரியில் வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. கதவோரம் ஆணியில் எப்போதும் தொங்குகிற பயணப் பையைத் திறந்து, அதற்குள் வைத்தார்.