சிட்டையிலிருந்து தேர்வுத்தாள் வரை: போடியின் கணக்குக் கல்வி

ஏலமலைச் சரிவின் அடியில் அமைந்த போடிநாயக்கனூரில் கணக்கு என்பது நெடுங்காலம் இரு நாட்டுக் கணக்காகவே இருந்தது. ஏலக்காய் விளைந்த மேட்டுநிலம் திருவிதாங்கூரைச் சேர்ந்தது, அதை வாங்கி விற்ற கடைவீதியோ மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. 1896 வரை ஏலக்காய் திருவிதாங்கூர் அரசின் தனியுரிமைச் சரக்காக இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று மலைமேலுள்ள தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றுவிட்ட பின்னர், தோட்ட வருமானத்துக்கு ஒரு மாநிலத்தின் வேளாண் வருமானவரியும், மலைக்குக் கீழே நடந்த வியாபார லாபத்துக்கு நடுவணரசின் வருமானவரியும் பொருந்தின. ஒரே குடும்பத்தின் பேரேட்டில் இவ்விரண்டையும் பிரித்துக்காட்டத் தெரிந்தவரின் தேவை இதனால் மிகுந்தது.

முற்காலக் கணக்கப்பிள்ளைக்குத் தேர்வுக்கு முந்தைய இறுதித் திருப்புதல் என்ற ஒன்று இருந்ததில்லை. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை, அதாவது முழு எண்களுக்கும் முந்திரி எனப்படும் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு வரையிலான பின்னங்களுக்கும் உரிய வாய்பாடுகளை, நாள்தோறும் உரக்கச் சொல்லியே சிறுவர் மனத்தில் பதித்தனர். ஆகவே படிப்பும் திருப்புதலும் அங்கு ஒன்றாகவே இருந்தன. பிறகு கடையில் அமர்ந்து, அன்றாட வரவு செலவைப் பதியும் சிட்டையையும், ஆள்வாரியாகப் பிரித்தெழுதும் பேரேட்டையும், ஆண்டு முடிவில் இருப்பும் கடனும் காட்டும் ஐந்தொகையையும் கைப்பழக்கத்தால் கற்றனர். ஐந்தொகை நேராகாவிட்டால் முதலாளியே தேர்வாளர்.

தேர்வு அரசிடமிருந்து வந்தது. 1913ஆம் ஆண்டின் இந்தியக் கம்பெனிகள் சட்டம் தணிக்கையாளருக்குச் சான்றிதழைக் கட்டாயமாக்கியது. 1918இல் பம்பாயில் கணக்கியல் பட்டயத் தேர்வு தொடங்கியது. சிறை சென்ற விடுதலைப் போராளியான சென்னை ஆர். சிவபோகம் 1933இல் அப்பட்டயத்தைப் பெற்று, இந்தியாவின் முதல் பெண் தணிக்கையாளரானார். 1949 ஜூலை 1 அன்று தோன்றிய இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம், தேர்வோடு ‘ஆர்டிகிள்ஸ்’ எனப்படும் அலுவலகப் பயிற்சியையும் சேர்த்தே வைத்துக்கொண்டது. பழைய கடைப்பழக்கத்தின் எச்சம் என இதனைக் கொள்ளத் தகும்.

இன்றைய திருப்புதலின் உருவத்தைத் தீர்மானித்தது இக்கழகத் தேர்வின் மதிப்பெண் விதியே. ஒவ்வொரு தாளிலும் 40 விழுக்காடும், தாள்களின் தொகுதியில் மொத்தமாக 50 விழுக்காடும் பெற வேண்டும் என்பதால், வல்ல பாடம் ஒன்று மெலிந்த பாடத்தை முழுதும் தாங்கிவிடாது. எனவே கடைசி வாரங்களில் எதையும் விடாமல் ஒருமுறை புரட்டியாக வேண்டும். அதற்கு மாணவர் பாடங்களை ஏ, பி, சி என முக்கியத்துவப்படி பிரித்து நேரம் ஒதுக்குகின்றனர். விலையுயர்ந்த சரக்குக்குக் கூடுதல் கண்காணிப்பு என்ற இம்முறை, அவர்கள் அடக்கவிலைக் கணக்கியலில் படிக்கும் கிடங்குக் கட்டுப்பாட்டு முறையேதான் என்பது சுவையானது. ஒரு தாளுக்கும் அடுத்ததற்கும் இடையில் கிடைக்கும் ஒன்றரை நாளில் முழுப் பாடத்தையும் முடிக்கும்படி முன்கூட்டியே ஒத்திகை பார்ப்பதும் வழக்கம்.

மலையடிவார ஊருக்கு இதில் தனித்த இடர் ஒன்று உண்டு. ஏலக்காய்ப் பறிப்பு ஆடியளவில் தொடங்கி மாசி வரை நீள்கிறது. ஏலமும் பட்டுவாடாவும் அப்போதுதான் மும்முரம். வருமானவரித் தணிக்கை 1984ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் வந்தது. அதன் வழக்கமான கெடு செப்டம்பர் 30. நவம்பரில் தேர்வு எழுதியவர் அக்கெடுவைக் கடந்தே, பறிப்பின் மும்முரத்துக்கு நடுவே புத்தகத்துக்குத் திரும்ப முடிந்தது. மூன்றாண்டுப் பயிற்சியில் சேர்ந்த ஏறத்தாழ 156 நாள் விடுப்பைத் தேர்வுக்கு முந்தைய மாதங்களுக்குச் சேமித்து வைத்தல் அக்காலத்து நடைமுறை. இறுதித் தேர்வைப் பயிற்சியின் கடைசி 6 மாதங்களிலேயே எழுதலாம் என விதி இருந்ததால், அச்சேமிப்பின்றித் திட்டமிடல் அரிது.

2023இல் வந்த திட்டம் பயிற்சியை 2 ஆண்டாகவும் விடுப்பை ஆண்டுக்கு 12 நாளாகவும் சுருக்கிற்று. 2025 முதல் இறுதித் தேர்வு ஜனவரி, மே, செப்டம்பர் என மூன்று முறை நடைபெறுகிறது. இவற்றில் பறிப்புப் பருவத்துக்கு வெளியே விழுவது மே மட்டுமே. எனினும், பயிற்சி முடிந்து 6 மாதம் கழிந்த பின்னரே இறுதித் தேர்வு எழுதலாம் என்பதால், மலையில் காய் பறிக்கும் நாள்களில் திருப்புதல் செய்பவர் இப்போது தணிக்கை அலுவலகத்தில் இருக்க வேண்டியதில்லை.