கட்டுச்சோறும் கதிரவனும்

கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்று நம் முன்னோர் கேட்டனர். நெடுவழி செல்வோனுக்குத் தொலைவைவிடப் பெரும்பகை ஊசிப்போகும் உணவே என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். இன்று அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் காட்டோரங்களில் வண்டியை நிறுத்தி இரவு தங்குவோர், கூரையில் சூரிய மின்தகடும் உள்ளே குளிர்பதனப் பெட்டியும் பின்புறத்தில் இரண்டு மலை மிதிவண்டிகளுமாகப் புறப்படுகின்றனர். இவை ஒரே ஊர்தியில் வந்து சேர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அவை வந்த வழியைப் பார்த்தால் ஓய்வின் வரலாற்றோடு தேவையின் வரலாறும் தென்படுகிறது.

1885இல் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 'வாண்டரர்' என்னும் வண்டிவீட்டைச் செய்வித்தார். இரு குதிரைகள் இழுத்த அந்த வண்டியில் அவர் ஸ்காட்லாந்து வரை பயணம் செய்தார். குறுகிய சாலையில் எதிர்வருவோரை எச்சரிக்க, அவருடைய பணியாள் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே சென்றான். முகாம் வண்டிக்கும் மிதிவண்டிக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது. ஆனால் அன்று மிதித்தவன் வேலைக்காரன். ரோமானி மக்களோ அதற்கு முன்பே குடும்பத்தோடு வண்டிகளில் வாழ்ந்து வந்தனர். அவர்களுக்குப் பிழைப்பாக இருந்தது ஸ்டேபிள்ஸுக்குப் பொழுதுபோக்காயிற்று.

மோட்டார் வண்டி வந்ததும் இவ்வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது. ஹென்றி ஃபோர்டு, தாமஸ் எடிசன், ஹார்வி ஃபயர்ஸ்டோன், இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸ் ஆகியோர் கூடிச் சென்ற முகாம் பயணங்கள் நாடறிந்தவை. 1921இல் குடியரசுத் தலைவர் ஹார்டிங்கும் அவர்களது முகாமில் வந்து தங்கினார். பரோஸ் அவ்வாண்டின் தொடக்கத்திலேயே காலமாகியிருந்தார். எடிசனின் மின்கலங்கள் கூடாரங்களுக்கு ஒளி தந்தன. பனிக்கட்டிப் பெட்டி பொருத்திய சமையல் வண்டியொன்று உடன் சென்றது. எளிய வாழ்வை நாடிச் சென்றவர்களுக்குச் சோறு சமைக்கவும் வண்டி ஓட்டவும் தனி ஆட்கள் வேண்டியிருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

பனிக்கட்டி உருகும், மீண்டும் வாங்க ஊருக்குத்தான் திரும்பவேண்டும். அந்தக் கட்டைப் பின்னாளில் சூரிய மின்கலம் தளர்த்தியது. 1954இல் பெல் ஆய்வகத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவரும் சிலிக்கன் மின்கலத்தை உலகுக்குக் காட்டினர். விழும் ஒளியில் ஏறத்தாழ 6 விழுக்காட்டை அது மின்சாரமாக்கியது. 1958இல் வான்கார்டு 1 செயற்கைக்கோள் அத்தகைய கலங்களோடு விண்ணேறியது. தரையில் அது செய்த பணிகளுள் நம் கருத்தை ஈர்ப்பது 1978 டிசம்பரில் நிகழ்ந்தது. அரிசோனாப் பாலைநிலத்தில் டோஹோனோ ஓடம் பழங்குடியினரின் ஷுசூலி என்னும் சிற்றூருக்கு மின்கம்பி சென்றதில்லை. அங்கே 3.5 கிலோவாட் சூரிய அமைப்பு நிறுவப்பட்டு, விளக்குகளும் நீரிறைக்கும் பொறியும் சிறு குளிர்பதனப் பெட்டிகளும் இயங்கின. அடுத்து வந்த ஆண்டுகளில் மின்சாரமற்ற மருத்துவ நிலையங்களில் தடுப்பூசி மருந்தைக் கெடாமல் காக்கவும் இவ்வுத்தி பயன்பட்டது. முகாமில் பால் திரியாமல் இருப்பதற்கும் குழந்தையின் தடுப்பூசி வீரியம் இழக்காமல் இருப்பதற்கும் அடிப்படை ஒன்றே: பகலில் தகடு மின்கலத்தை நிரப்புகிறது, அதைக்கொண்டு இரவிலும் பெட்டி குளிர்கிறது.

மலை மிதிவண்டியின் கதை கலிபோர்னியாவின் மரின் பகுதியில் தொடங்குகிறது. 1970களில் இளைஞர் சிலர் பழைய தடித்த சக்கர மிதிவண்டிகளில் மலைச்சரிவில் பாய்ந்திறங்கினர். 1976 அக்டோபர் 21 அன்று அங்கே 'ரீபேக்' பந்தயம் முதன்முதலாக நடந்தது. ஒவ்வோர் இறக்கத்திலும் பின்சக்கரத் தடையின் மசகு வெந்து புகைந்துபோக, அதை மீண்டும் அடைக்க நேர்ந்ததால் வந்த பெயர் அது. 1977இல் ஜோ ப்ரீஸ் இதற்கென்றே தனிச்சட்டம் செய்தார். 1981இல் 'ஸ்டம்ப்ஜம்பர்' தொழிற்சாலை உற்பத்தியாகச் சந்தைக்கு வந்தது. வழக்கும் உடன் வந்தது. வனப்பகுதிகளைக் காக்கும் 1964ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே இயந்திரப் போக்குவரத்தை விலக்கியிருந்தது. அவ்விலக்கு மிதிவண்டிக்கும் உண்டு என்பதை அமெரிக்க வனத்துறை 1984இல் தன் விதியில் தெளிவாக்கியது. நடப்போரும் மிதிப்போரும் அவ்வழக்கை இன்றும் தொடர்கின்றனர்.

ஸ்டேபிள்ஸின் பணியாளும் ஃபோர்டின் சமையற்காரரும் செய்த வேலையில் ஒரு பகுதியைத் தகடும் பெட்டியும் ஏற்றுக்கொண்டன. பிறர் உழைப்பின்றி ஒரு குடும்பம் தானே காட்டோரம் தங்கமுடிவது நல்ல மாற்றமே. ஆயினும் பனிக்கட்டி தீர்ந்ததும் ஊர் திரும்பிய காலத்தில் காட்டுக்கும் சற்றே ஓய்வு கிடைத்தது. உணவு கெடாத வண்டி பல நாள் தங்கலாம். வண்டி நின்ற இடத்துக்கு அப்பாலும் மிதிவண்டி செல்லலாம். வசதி முன்பு விதித்த எல்லையை இனி மனிதன் தானாகவே விதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த எல்லை எங்கே என்பதைச் சட்டம் ஓரளவே சொல்லும். எஞ்சியதைச் சொல்லவேண்டியவர்கள் நாமல்லவா?