‘உயர்தரம்’ என்றொரு சொல்: உயிரணு ஆய்வறிக்கையின் மொழி வரலாறு

கேமரன் மலைத் தேயிலைத் தொழிற்சாலைகளில் தூளைச் சலித்துப் பிரித்தபின் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தரப்பெயர் இடுவர். அவற்றுள் ‘டஸ்ட்’ என்பது குப்பையைக் குறிப்பதன்று. துகளின் பருமனைக் குறிப்பது. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்ற காலந்தொட்டு அம்மலையில் கொழுந்து கிள்ளிய தமிழ்க் குடும்பங்களுக்கு இதனை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதே பெண்களின் கைக்கு வரும் வேறொரு தரப்பெயர்த் தாள் அவ்வளவு எளிதில் விளங்குவதில்லை. அது கருப்பை வாயில் தடவி எடுத்த உயிரணுக்களைச் சோதித்து எழுதப்படும் பாப் ஸ்மியர் அறிக்கை. மலேசியாவில் இச்சோதனை 1969இல் அறிமுகமாயிற்று.

இச்சோதனை தம் பெயரால் வழங்கும் பேற்றைப் பெற்றவர் கிரேக்க நாட்டிற் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஜார்ஜ் பாப்பனிக்கலாவ். 1928இல் அவர் முதன்முதலாக இதனை எடுத்துரைத்தபோது மருத்துவ உலகம் பொருட்படுத்தவில்லை. ருமேனியாவின் ஆரெல் பாபெஷ் அதற்கு ஓராண்டு முன்பே ஒத்த முறையொன்றை எடுத்துரைத்திருந்தார் என்பதையும் குறித்து வைப்போம். 1941இல் ஹெர்பர்ட் டிராட்டுடன் இணைந்து எழுதிய கட்டுரைக்குப் பின்னரே பாப்பனிக்கலாவின் சோதனை பரவிற்று. கண்டவற்றை அவர் ஐந்து வகுப்புகளாக எண்ணிட்டார். முதலாம் வகுப்பில் பிறழ்வு இல்லை. ஐந்தாம் வகுப்பு புற்று உறுதி என்பதாகும்.

எண்ணுக்குத் துல்லியத்தின் தோற்றம் உண்டு. ஆயினும் எண்ணுக்கும் பொருள் தருவது வழக்கே. இரண்டாம் வகுப்பு என்பதை ஓர் ஆய்வுக்கூடம் வெறும் அழற்சிக்கு எழுதிற்று. மற்றொன்று ஐயத்திற்குரிய உயிரணுவுக்கு எழுதிற்று. இதற்கிடையே 1953இல் ஜேம்ஸ் ரீகன் ‘டிஸ்பிளேசியா’ என்னும் சொல்லைப் புகுத்தினார். 1967இல் ரால்ஃப் ரிச்சர்ட் ‘சி.ஐ.என்.’ என்னும் மூன்று படிகளைத் தந்தார். ஒரே நோய்நிலையைப் பேச மூன்று வழக்குகள் நின்றன. எழுதியவர் ஒரு வழக்கினர், படிக்கும் மருத்துவர் வேறொரு வழக்கினர். நடுவில் நின்றவள் நோயாளி.

1987இல் அமெரிக்க நாளிதழான வால் ஸ்ட்ரீட் ஜர்னல், கண்ணாடித் தகடுகளை அளவுமீறி விரைந்து படித்துத் தள்ளிய ஆய்வுக்கூடங்களை வெளிச்சத்துக்குக் கொணர்ந்தது. 1988 டிசம்பரில் பெதஸ்டா நகரில் அந்நாட்டின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஒரு கூட்டத்தைக் கூட்டிற்று. அங்குப் பிறந்ததே பெதஸ்டா முறை. எண்களை விடுத்துச் சொற்களால் எழுதுக என்றது அது. சோதிக்கப் போதிய உயிரணுக்கள் உள்ளனவா என்பதையும் தனியே எழுதுக என்றது. பல படிகளைக் குறைந்த மாற்றம், மிகுந்த மாற்றம் என்னும் இரண்டில் அடக்கிற்று. 1991, 2001, 2014 ஆகிய ஆண்டுகளில் அம்முறை திருத்தம் பெற்றது. 2001ஆம் ஆண்டுக் கூட்டத்தில் நானூற்றுவருக்கு மேல் கலந்துகொண்டனர். மொழியியலார் என்ற முறையில் நம்மைக் கவர்ந்த திருத்தம் அவ்வாண்டில் நிகழ்ந்ததே: அறிக்கையில் ‘நோயறுதி’ என்றிருந்த இடத்தில் ‘விளக்கம்’ அல்லது ‘முடிவு’ என்று எழுதலாயினர். உயிரணுவைக் கண்டவர் கண்டதை மட்டும் சொல்லட்டும், நோயை அறுதியிடும் பொறுப்பு நோயாளியை முழுமையாக அறிந்த மருத்துவருக்கே என்பது அதன் கருத்து. இத்தனை அடக்கமான சொல்லாட்சி இலக்கணிகளிடமும் அரிது.

இனித் தமிழுக்கு வருவோம். ஆங்கிலமும் இலத்தீனும் அவ்வுறுப்பைக் கழுத்து என்னும். மலாய் ‘பங்க்கால் ராஹிம்’, அதாவது கருப்பையின் அடி என்னும். தமிழ் வாய் என்னும். இவ்வேறுபாட்டால் எவருக்கும் தீங்கில்லை. தீங்கு வருவது முடிவைச் சொல்லும் சொற்களில்தான். ‘நெகட்டிவ்’ என்றால் நற்செய்தி. அதனை ‘எதிர்மறை’ என்று பெயர்த்தால் கெட்ட செய்தியாகிவிடும். ‘ஹை கிரேடு’ என்றால் கடுமையான மாற்றம். சொல்லுக்குச் சொல் ‘உயர்தரம்’ என்று பெயர்த்தால் தேயிலைத் தோட்டத்தில் அது பாராட்டன்றோ!

பல ஆண்டுகளுக்கு முன் ரிங்லெட் பக்கத்துத் தோட்டமொன்றில் ஓர் அம்மையார் நம்மிடம் தம் அறிக்கையை நீட்டினார். மாதிரி சோதனைக்குத் தகுதியானது என்னும் பொருளில் அதில் இருந்த ஆங்கிலச் சொல்லை யாரோ ‘மெமுவாஸ்கான்’ என்று மலாயில் பெயர்த்துச் சொல்லியிருந்தனர். திருப்தி என்று பொருள். பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கையில் கண்டு பழகிய சொல். “பாஸுதானே ஐயா?” என்றார் அவர். அடுத்த வரியில், பொருள் அறுதியிட முடியாத உயிரணு மாற்றம் உள்ளது, மீண்டும் சோதிக்க வேண்டும் என்றிருந்தது. மறுசோதனைக்குரிய நாள் கடந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தோட்டத்து மருந்தகத்தின் ‘டிரசர்’ அன்றே அவரைத் தானா ராத்தா மருத்துவமனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். மறுசோதனையில் குறை ஒன்றும் இல்லை.

அதன் பின்னர் நாம் சில தொடர்களை எழுதிப் பார்த்தோம். ‘திருப்தி’ என்பதற்கு ‘சோதிக்கப் போதிய உயிரணுக்கள் உள்ளன’; ‘எதிர்மறை’ என்பதற்கு ‘புற்றுக்கான மாற்றம் காணப்படவில்லை’; ‘உயர்தரம்’ என்பதற்கு ‘கடுமையான மாற்றம், இன்னும் புற்று அன்று, உடனே மேற்சோதனை தேவை’. இவற்றை அந்த அம்மையாரிடமே படித்துக் காட்டினோம், தலையசைத்தார். நான்காவதாக ‘பொருள் அறுதியிடப்படாத பிறழ்வு’ என்று படித்தோம். சற்று நேரம் யோசித்துவிட்டு அவர் சொன்னார்: “இன்னும் அவங்களுக்கே தெரியல, திரும்ப வரச் சொல்றாங்கன்னு எழுதுங்களேன் ஐயா.” நம் தொடரை அடித்துவிட்டு அதையே எழுதிக்கொண்டோம்.