முற்றத்தில் பிரிந்த வெள்ளி

மொகலாயர் காலத்தில் சூரத்து நாணயசாலையில் அடிக்கப்பெற்ற ரூபாய்கள் பல, அமெரிக்க மலைகளில் அகழ்ந்த வெள்ளியால் ஆனவை. ஸ்பானிய நாணயங்களாக வந்து, இங்கே உருகி ரூபாயாயின. அவ்வெள்ளி எளிதிற் கிட்டியதன்று.

வளமான தாதுவை ஈயத்தோடு உருக்கினால் வெள்ளி பிரியும். ஆனால் மெக்சிக்கோவில், மேலடுக்குத் தாது தீர்ந்தபின் எஞ்சியவற்றிற் பெரும்பாலானவை கந்தகத்தோடு பிணைந்த ஏழைத் தாதுக்கள். அவற்றை உருக்கப் போதிய ஈயமுமில்லை, விறகுமில்லை.

செவில் நகர வணிகரான பார்த்தலோமே தெ மெதினா, உப்பும் பாதரசமும் கொண்டு நெருப்பின்றியே வெள்ளியைப் பிரிக்கலாம் என ஒரு ஜெர்மானியரிடம் கேட்டறிந்தார். 1554இல் பச்சூக்காவை அடைந்தார். ஜெர்மானியருக்கோ கடல் கடக்க அனுமதி கிட்டவில்லை. முதற் சோதனைகள் தோற்றன. வறுத்த செம்புத் தாதுவைச் சேர்த்த பின்னரே, 1555இல், காரியம் கைகூடிற்று.

அரைத்த தாதுச் சேற்றைக் கல் பாவிய முற்றத்திற் பரப்பி, உப்பும் செம்புத் தாதுவும் பாதரசமும் தூவிக் கோவேறு கழுதைகளைக் கொண்டு வாரக்கணக்கில் மிதிக்கச் செய்தனர். செம்புத் தாதுவிலுள்ள மயில்துத்தமும் உப்பும் கூடி வெள்ளியைக் கந்தகத்தினின்று விடுவிக்க, பாதரசம் அதனைப் பற்றிக்கொண்டது. பின்னர்ச் சேற்றைக் கழுவி, இரசக்கலவையைத் துணிப்பையிற் பிழிந்து, வாலையிலிட்டுப் பாதரசத்தை வடித்தனர். இந்த இரசாயனத்தை அன்று எவரும் அறியார். ஆயினும் மேற்பார்வையாளர் சுரைக் குடுவையில் சிறிது சேற்றைக் கழுவி, பாதரசத்தின் நிறங்கண்டே பக்குவம் சொல்வார். 'சூடு' மிகுந்ததெனில் சுண்ணாம்பு இடுவார். குறைந்ததெனில் செம்புத் தாதுவைக் கூட்டுவார். நம் சித்த வைத்தியர் மருந்தின் பதம் பார்ப்பதை இது நினைவூட்டுகிறது.

1545இல் வெள்ளி கண்ட பொத்தோசி மலைக்கு இம்முறை 1570களிற் சென்றது. குளிர் மிகுந்த அவ்வூரிற் பாதரசக் கலவையைப் பெட்டிகளிலிட்டு அடியிற் சூடேற்றினர். பாதரசம் 1560களிற் கண்டறியப்பட்ட உவாங்காவெலிக்காச் சுரங்கத்திலிருந்து வந்தது. அதன் விற்பனை அரசனின் தனியுரிமை. கொடுத்த பாதரசத்தைக் கணக்கிட்டே எடுத்த வெள்ளியை அதிகாரிகள் மதிப்பிட்டனர். களவைப் பிடிக்க இதனினும் நல்ல தராசு ஏது! ஏறத்தாழ வெள்ளியின் எடையளவு பாதரசம், சில வேளைகளில் அதனினும் மிகுதியாக, ஆவியிலும் ஆற்றிலும் போயிற்று.

அரசப் பிரதிநிதி தொலேதோ வகுத்த கட்டாய உழைப்பு முறையால், ஆண்டுதோறும் பதின்மூவாயிரம் பழங்குடி ஆடவர் பொத்தோசிக்கு அழைக்கப்பட்டனர். பாதரசச் சுரங்கத்திற்குச் சென்றோர் நிலை இதனினும் கொடிது. கைகால் நடுங்கி மாய்ந்தோர் பலர்.

1887இல் சயனைடு முறை வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முற்றங்கள் மறைந்தன. உவாங்காவெலிக்காவின் பழைய மண் வீட்டுச் சுவர்களில் பாதரசம் இன்றும் படிந்திருப்பதாக ஆய்வாளர் கண்டுள்ளனர்.