ஹாதோர்ன் ஆய்வுகள்

ஹாதோர்ன் ஆய்வுகள் என்பன, அமெரிக்காவில் சிகாகோவை அடுத்த சிசரோ நகரிலிருந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதோர்ன் ஆலையில், பணிச்சூழலுக்கும் தொழிலாளரின் உற்பத்தித்திறனுக்கும் உள்ள தொடர்பை அறிய 1924 முதல் 1930களின் தொடக்கம் வரை நிகழ்ந்த சோதனைகளாகும். மேலாண்மையியலில் இவை மனித உறவுக் கோட்பாட்டின் அடித்தளமாகக் கொள்ளப்படுகின்றன. விளக்கொளியின் அளவை மாற்றிப் பார்த்த முதற்கட்டம் தெளிவான விடை தராமையால், 1927இல் தொலைபேசி ரிலேக்களைப் பூட்டும் பெண்கள் சிலர் தனியறையில் அமர்த்தப்பட்டு, அவர்களுடைய ஓய்வு இடைவேளை, வேலைநேரம், கூலிமுறை ஆகியன மாற்றப்பட்டன. அங்கு உற்பத்தி உயர்ந்ததற்கு, ஹார்வர்டு பேராசிரியர் எல்டன் மேயோ குழுவுணர்வையும் கனிவான மேற்பார்வையையும் முதன்மைக் காரணங்களாகக் கொண்டார். மாறாக, 14 ஆண்கள் பணியாற்றிய கம்பியிணைப்பு அறையிலோ, ஊக்கக்கூலி இருந்தும், தொழிலாளர் தமக்குள் வகுத்துக்கொண்ட எழுதாத வரம்பே உற்பத்தியைக் கட்டுப்படுத்தியது. கூலியின் பங்கை மேயோவின் விளக்கம் குறைத்து மதிப்பிட்டது என்று 1967இல் அலெக்ஸ் கேரி மறுத்தெழுதினார்.