இடுப்பு மூட்டு ஆர்த்ரோஸ்கோபி: முன்னேற்றம் எவ்வாறு அளவிடப்படுகிறது?

இடுப்பு மூட்டு ஆர்த்ரோஸ்கோபி என்பது தோலில் இடப்படும் சிறு துளைகளின் வழியே கேமரா பொருத்திய மெல்லிய குழாயையும் கருவிகளையும் செலுத்தி மூட்டின் உள்ளே செய்யப்படும் அறுவை சிகிச்சையாகும். தொடை எலும்பின் தலைப்பகுதியும் இடுப்பெலும்புக் கிண்ணத்தின் விளிம்பும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் நிலைக்கும், அவ்விளிம்பைச் சூழ்ந்துள்ள லேப்ரம் என்னும் குருத்தெலும்பு வளையம் கிழிந்த நிலைக்கும் இது பெரும்பாலும் செய்யப்படுகிறது.

அறுவைக்குப் பின் எடுக்கப்படும் எக்ஸ்ரே படம் எலும்பு சீராக்கப்பட்டதைக் காட்டும். நோயாளி வலியின்றிப் படியேறுகிறாரா என்பதைக் காட்டாது. அதை நோயாளியிடமே கேட்டறிய வேண்டும். இதற்கெனத் தரப்படுத்தப்பட்ட வினாத்தாள்கள் உள்ளன. மாற்றியமைக்கப்பட்ட ஹாரிஸ் மதிப்பெண் வலி, நடை, படியேறுதல், காலுறை அணிதல் போன்றவற்றைக் கேட்கிறது. அதன் மதிப்பெண்ணில் ஏறத்தாழப் பாதி வலிக்கு மட்டுமே உரியது. ஐஹாட்-12 என்னும் வினாத்தாளில் 12 வினாக்கள் உள்ளன. இரண்டிலும் 100 என்பது மிகச் சிறந்த நிலை.

மதிப்பெண் சிறிது உயர்ந்தாலே நலம் பெற்றதாகக் கொள்ள இயலாது. 2 அல்லது 3 புள்ளி உயர்வை நோயாளி உணராமலே இருக்கக்கூடும். எனவே, தமக்கு முன்னேற்றம் ஏற்பட்டதாகக் கூறிய நோயாளிகளின் மதிப்பெண்களைக் கூறாதவர்களின் மதிப்பெண்களோடு ஒப்பிட்டு, உணரத்தக்க குறைந்தபட்ச மாற்றம் எவ்வளவு என ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். ஹாரிஸ் மதிப்பெண்ணில் இது ஏறத்தாழ 8 புள்ளிகள். மற்றோர் அளவுகோல், தம் நிலை தமக்குப் போதுமானது என்று நோயாளிகள் கருதும் மதிப்பெண். இது ஏறத்தாழ 74. ஆய்வுக்கு ஆய்வு இவ்வெண்கள் சற்று வேறுபடும்.

இவ்விரண்டும் ஒன்றல்ல. 45-லிருந்து 60-க்கு உயர்ந்தவர் 15 புள்ளிகள் முன்னேறியிருந்தும் 74-ஐ எட்டவில்லை. அவர் இன்னும் மனநிறைவின்றி இருந்தால் அதில் வியப்பில்லை. 72-லிருந்து 77-க்கு உயர்ந்தவரோ 74-ஐத் தாண்டிவிட்டார். ஆனால் அவர் அடைந்த மாற்றம் சிறிதே.

இங்கிலாந்தில் 222 பேரிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வு இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. சேர்க்கப்பட்டு 8 மாதங்களுக்குப் பின், அன்றாடச் செயல்களுக்கான மதிப்பெண்ணில் உணரத்தக்க முன்னேற்றம் பெற்றோர் ஆர்த்ரோஸ்கோபிப் பிரிவில் 51 விழுக்காடு. இயன்முறை சிகிச்சைப் பிரிவில் 32 விழுக்காடு. போதுமான நிலையை எட்டியோர் முறையே 48, 19 விழுக்காடு. அறுவையின் பயன் கூடுதல் என்பது உண்மை. எனினும் அறுவை செய்துகொண்டோரிலும் ஏறத்தாழப் பாதிப் பேர் அந்நிலையை அப்போது எட்டியிருக்கவில்லை. அறுவைக்கு ஒப்புக்கொள்ளும் முன் இதை அறிந்திருப்பது நன்று.

அறுவைக்கு முந்தைய மதிப்பெண் இல்லாவிடில் பிந்தைய மதிப்பெண்ணைக் கொண்டு மாற்றத்தைக் கணக்கிட இயலாது. ஆகவே அறுவைக்கு முன்பே வினாத்தாளை நிரப்பி, ஒரு நகலை வைத்துக்கொள்ளவும். ஆறு மாதம், ஓராண்டு எனப் பின்தொடரும்போதும் அதே வினாத்தாளையே பயன்படுத்த வேண்டும். முதல் சில வாரங்களில் வலியும் ஊன்றுகோலும் மதிப்பெண்ணைக் குறைத்துக் காட்டும். படிக்க இயலாதவருக்குப் பராமரிப்பாளர் வினாவை உரக்கப் படித்துக் காட்டலாம்; விடையைத் தாமாக முடிவு செய்யலாகாது. “முன்பைவிட நன்றாகத்தானே இருக்கிறது?” என்று கேட்பதும் விடையை மாற்றிவிடும்.

ஹாரிஸ் மதிப்பெண் நாற்காலியில் அமர்வதைப் பற்றிக் கேட்கிறது. தரையில் சம்மணமிட்டு அமர்வதைப் பற்றிக் கேட்பதில்லை. சம்மணமிடுதல், இந்திய முறைக் கழிப்பறையில் குந்தி அமர்தல், வயல்வேலை என உங்களுக்கு இன்றியமையாதது எதுவோ, அதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் தனியாகக் கூறி, மருத்துவக் குறிப்பேட்டில் எழுதச் செய்யவும். மருத்துவர் அனுமதிக்கும் வரை இவற்றை முயலக் கூடாது.